பத்து நம்பர் ஸ்பேனரும் பத்து மில்லிமீட்டர் போல்ட்டும்

ஒரு சாதாரண 100 சி.சி. மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்ட வேண்டுமானால் தெரிந்திருக்க வேண்டிய எண்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். இன்ஜினுக்கு எத்தனை மில்லி ஆயில், அது எந்த கிரேடு. டேப்பெட்டில் எவ்வளவு இடைவெளி. பிளக் முனையில் எவ்வளவு. செயின் எவ்வளவு தொய்யலாம். டிரெயின் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும். பிரேக் டிஸ்க் எவ்வளவு மெலிந்தால் கழற்றிப் போட வேண்டும். கம்பெனி மேனுவல்களில் இவற்றுக்கு ஸ்பெசிஃபிகேஷன் என்று பெயர். பட்டறையில் ‘அளவு’ என்றோ ‘செட்டிங்’ என்றோ சொல்வார்கள்.

இருபது வருடம் பட்டறையில் நின்ற மெக்கானிக்குக்கு இந்த எண்களில் பெரும்பாலானவை கையிலேயே இருக்கின்றன. ஒரே மாடலை ஆயிரம் தடவை திறந்து மூடிய கைக்கு, போல்ட் எந்த இடத்தில் இறுகி நிற்கும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் பழைய செய்தித்தாளை விரித்து, வருடத்துக்கு நாலு தடவை மட்டும் ஸ்பேனரைத் தொடுகிறவருக்கு அந்தக் கை வராது. அவர் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எண் கிடைப்பது இன்று சிரமமில்லை. போனில் தேடினால் ஒன்றுக்குப் பத்தாக வந்து விழும். அந்த எண் எந்த வண்டிக்கு உரியது, எந்த அலகில் சொன்னது, வண்டி எந்த நிலையில் இருக்கும்போது பொருந்தும், யார் சொன்னது என்ற விவரம்தான் கூடவே வருவதில்லை. இந்த நான்கும் தெரியாத எண்ணை வைத்து வேலை செய்வதைவிட வண்டியைப் பட்டறையில் விடுவது மலிவு.

ஒரு போல்ட், இரண்டு பத்து

இன்ஜினின் பக்க மூடியைப் பிடித்திருக்கும் சிறு போல்ட்களைப் பட்டறையில் ‘பத்து நம்பர் போல்ட்’ என்பார்கள். பத்து என்பது அதைக் கழற்றும் ஸ்பேனரின் நம்பர். அதாவது போல்ட் தலையின் அகலம். மரை உள்ள தண்டின் குறுக்களவோ 6 மில்லிமீட்டர்தான். மேனுவல்கள் போல்ட்டை எப்போதும் இந்தத் தண்டின் அளவைக் கொண்டுதான் குறிப்பிடுகின்றன. எம்6 என்று எழுதியிருந்தாலும் அதே பொருள்தான்.

ஹோண்டாவின் சர்வீஸ் மேனுவல்களில் பொதுவான முறுக்கு அளவுகள் ஒரு சிறு அட்டவணையாக வரும். தனியாக அளவு குறிப்பிடாத போல்ட்களுக்கெல்லாம் அதுதான் விதி. 5 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 5 நியூட்டன் மீட்டர், 6 மி.மீ.க்கு 10, 8 மி.மீ.க்கு 22, 10 மி.மீ.க்கு 34; 12 மி.மீ.க்கு 54. தலையோடு வாஷர் போல விரிந்த விளிம்பு உள்ள ஃபிளாஞ்ச் போல்ட் என்றால் கொஞ்சம் கூடுதல்: 6 மி.மீ.க்கு 12, 10 மி.மீ.க்கு 39.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பத்து நம்பர் போல்ட்’ என்று காதில் விழுந்ததை நம்பி, 10 மி.மீ. வரிசையில் பார்த்து டார்க் ரெஞ்சை 34-இல் வைக்கிறவர் அந்தப் போல்ட்டின் மேல் அதற்குரியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வலுவைப் போடுகிறார். ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்வதற்கு வெகு முன்பே கை ஓர் இடத்தில் இறுகும். அடுத்த கால் சுற்றில், எதிர்ப்பே இல்லாமல் வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றும். போல்ட் தலை சாக்கெட்டுக்குள் தனியாக வந்துவிட்டது, இல்லையென்றால் அலுமினிய மூடியின் மரை உரிந்து சுருளாக வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு லேத் பட்டறைக்குப் போய் வேறு மரை போடுவதைத் தவிர வழியில்லை.

ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் 12 நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்டுக்கும், 14 நம்பர் 10 மி.மீ. போல்ட்டுக்கும் பொருந்தும். அதே 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 நம்பர் தலை வைக்கும் கம்பெனிகளும் உண்டு. சந்தேகம் வந்தால் போல்ட்டைக் கழற்றி வெர்னியர் காலிப்பரால் மரையின் வெளி விட்டத்தை அளந்துவிடலாம். 6 மி.மீ. போல்ட் 5.8 அல்லது 5.9 என்று காட்டும், அது இயல்பு.

டார்க் ரெஞ்ச் வாங்கும்போதும் இதே கணக்கு வேண்டும். ஹார்டுவேர் கடையில் பரவலாகக் கிடைக்கும் அரை இன்ச் ரெஞ்ச் 28-இலிருந்து 210 நியூட்டன் மீட்டர் வரை வேலை செய்யும். சக்கர அச்சுக்கு அது சரி. இன்ஜினில் உள்ள போல்ட்களில் பாதிக்கு மேல் 10, 12 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்க வேண்டியவை. அவற்றை அந்த ரெஞ்சால் தொடவே முடியாது. 5-இலிருந்து 25 வரை போகும் கால் இன்ச் ரெஞ்ச்தான் மோட்டார் சைக்கிள்காரர் முதலில் வாங்க வேண்டியது. கடைக்காரர் பெரியதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

எந்த புல்லட்?

எண் எந்த வண்டிக்கு உரியது என்ற கேள்விக்கு புல்லட் 350-ஐவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டதிலிருந்து, திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பதிற்றாண்டுகள் வெளிவந்தது வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய இன்ஜின். அதில் டேப்பெட் சரிசெய்ய ஃபீலர் கேஜே வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்க, பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்க, புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

2008 வாக்கில் தொடங்கி அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த இன்ஜின் போய், இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யூ.சி.இ. இன்ஜின் வந்தது. அதில் ஹைட்ராலிக் டேப்பெட். ஆயிலின் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். மனிதக் கைக்கு அங்கே வேலையில்லை. 2023-இல் புல்லட் 350 மறுபடி மாறி, கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறிய ஜே-சீரிஸ் இன்ஜினோடு வந்தது. அதில் புஷ் ராடே கிடையாது.

‘புல்லட் முந்நூற்றைம்பதுக்கு டேப்பெட் எவ்வளவு?’ என்று கேட்டால், விரலால் சுற்றிப் பார் என்று ஒருவர் சொல்வார்; அதைத் தொடாதே என்பார் இன்னொருவர்; மேனுவலைப் பார் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் உண்மை. அவரவர் வண்டிக்கு உண்மை. ஆயிலும் அப்படித்தான். யூ.சி.இ. இன்ஜினில் ஒரே ஆயில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் போகிறது. பழைய வண்டியில் இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் இருக்கும் செயின் கேஸ் என்று மூன்று தனித்தனி இடங்கள், மூன்று தனித்தனி அளவுகள். டேங்கில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் வைத்து ஆயில் வாங்கப் போகிறவர் எதில் எதை ஊற்றுவார் என்று சொல்ல முடியாது.

மற்ற வண்டிகளில் மாற்றம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்று புகை விதிகள் இரண்டு தடவை இறுகின. இரண்டாம் தடவை பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ‘ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று’ என்ற பழைய அளவுக்கு அந்த வண்டிகளில் இடமே இல்லை. ஆனால் டேங்க், சீட், பெயர் எல்லாம் அப்படியே.

பதிவு செய்த ஆண்டை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். பி.எஸ்.3 வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29-ஆம் தேதி சொன்னதும், ஷோரூம்களில் இருந்த வண்டிகள் இரண்டே நாளில் பெரிய தள்ளுபடியில் போயின. அதனால் 2017 பதிவு என்பது பி.எஸ்.3 ஆகவும் இருக்கலாம், பி.எஸ்.4 ஆகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதம், ஆண்டு. சேசிஸில் அடித்திருக்கும் 17 எழுத்து எண்ணும் உதவும். பல கம்பெனிகள் அதன் பத்தாவது எழுத்தில் ஆண்டைக் குறிக்கின்றன. அந்த வரிசையில் எல் என்றால் 2020, பி என்றால் 2023. எண்களோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் அதில் வராது.

வண்டியே முதல் புத்தகம்

அளவுகளைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் வண்டியேதான். பலர் கழுவும்போதுகூடக் கவனிக்காத இடங்களில் கம்பெனி எழுதி வைத்திருக்கிறது. செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் டயர் காற்றும் செயின் தொய்வும் இருக்கும். ஆயில் ஊற்றும் மூடியின் மேல் பெரும்பாலும் ஆயில் கிரேடு. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4. டிஸ்க்கின் ஓரத்தில் உற்றுப் பார்த்தால் அது எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது என்பது பொறிக்கப்பட்டிருக்கும். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் என்றால் பிரேக் தட்டில் ஒரு அம்புக்குறி. பிரேக் மிதிக்கும்போது அது எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்தது. துணியால் ஒரு தடவை துடைத்து, இவை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்தால் அளவுகளைச் சேர்க்கும் வேலையில் கால்வாசி முடிந்துவிடும்.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் காற்றளவு மட்டும் விதிவிலக்கு. அது அந்த டயர் தாங்கும் உச்சம். வண்டிக்கு அடிக்க வேண்டிய அளவல்ல.

அடுத்தது உரிமையாளர் கையேடு. வண்டியோடு வந்து, பீரோவில் நகைக் கடைப் பைகளுக்கு அடியில் போய்விடும் அந்தச் சின்னப் புத்தகம். தொலைந்திருந்தால் பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆயில் அளவு, பிளக் வகை, காற்று, பல்பு, ஃப்யூஸ், எத்தனை கிலோமீட்டருக்கு எது என்ற அட்டவணை எல்லாம் அதில் உண்டு. போல்ட் முறுக்கு அளவுகள் ஓரிரண்டுதான் இருக்கும். தேய்மான எல்லைகள் அநேகமாக இருக்காது.

அவை இருப்பது சர்வீஸ் மேனுவலில். கம்பெனி தன் டீலர் பட்டறைக்காக அச்சிடுவது அது. வீட்டில் வேலை செய்கிறவருக்கு அதில் மிக முக்கியமானவை முதல் அத்தியாயத்தில் வரும் அட்டவணைகள். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு அளவு இருக்கும்: புதிதாக இருக்கும்போது எவ்வளவு, எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிசை. அவசரத்தில் வரிசை மாறிப் படித்தால் நல்ல பாகம் குப்பைக்குப் போகும், அல்லது செத்த பாகம் திரும்ப வண்டிக்குள் போகும். இங்கிலாந்தில் ஜான் ஹெய்ன்ஸ் 1966-இல் தன் முதல் கார் மேனுவலை வெளியிட்டதிலிருந்து, வீட்டில் பழுது பார்ப்பவருக்கென்றே எழுதிய புத்தகங்கள் அங்கே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தன. இந்தியாவில் ஓடும் சிறிய வண்டிகளுக்கு அப்படிப் புத்தகக் கடையில் வாங்கும் புத்தகம் அரிது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுது பார்க்கும் உரிமை’ இணையதளத்தில் வாகனத் துறையும் ஒரு பிரிவு. தன் வண்டியின் கம்பெனி அங்கே என்ன வைத்திருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாம்.

யாரும் பெரிதாகச் சொல்லாத இன்னொரு புத்தகமும் இருக்கிறது: ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக். பாகங்களின் படத்தையும் நம்பரையும் தவிர அதில் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் நம்பரே பேசும். ஹோண்டா வழியில் 95701-06020-00 என்பது ஒரு ஃபிளாஞ்ச் போல்ட். நடுவில் உள்ள 06020 என்பது 6 மி.மீ. குறுக்களவு, 20 மி.மீ. நீளம். எந்த ஓட்டையில் எந்த நீளப் போல்ட் என்பது மறந்துபோனால் கேட்லாக் தீர்த்துவைக்கும். பேரிங்கும் அப்படித்தான். 6203 என்று பொறித்த பேரிங்கை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. வண்டிக் கம்பெனியின் டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பேரிங் கடையில் நம்பரைச் சொன்னால் போதும்.

வீடியோக்களும் தெரிந்தவர்கள் சொல்வதும் இதற்கெல்லாம் பிறகுதான். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று காட்ட வீடியோவுக்கு நிகரில்லை. எண்ணுக்கு அதை நம்பக் கூடாது. பேசுகிறவர் ஒரு மாடலை வைத்துக்கொண்டு இன்னொரு மாடலின் எண்ணைச் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்ட பத்துப் பேர் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கலாம். பத்து இடத்தில் ஒரே எண் இருப்பதால் அதற்குப் பத்துச் சாட்சி என்று ஆகிவிடாது.

1.2-ஆ, 12-ஆ?

பழைய ஜப்பானிய மேனுவல்களில் முறுக்கு அளவு கிலோகிராம் மீட்டரில் இருக்கும். புதியவற்றில் நியூட்டன் மீட்டர். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். ஏறக்குறைய பத்து மடங்கு. இந்த ‘ஏறக்குறைய பத்து’ ஒரு வசதி, அதுவே ஆபத்தும். 1.2 என்று எழுதியிருப்பதை 12 என்று படித்துக்கொள்ளலாம். புள்ளி அழிந்துபோன நகலில் 12 கிலோகிராம் மீட்டர் என்று படித்தால் அது 118 நியூட்டன் மீட்டர். சில இடங்களில் கிலோகிராம் சென்டிமீட்டர் என்றும் வரும். அதே போல்ட்டுக்கு அதில் 120. அமெரிக்க, பிரிட்டிஷ் புத்தகங்களில் பவுண்ட் அடி. ஒரு பவுண்ட் அடி 1.36 நியூட்டன் மீட்டர்.

காற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. பெட்ரோல் பங்கில் ‘முன்னாடி இருபத்தஞ்சு’ என்றால் அது பி.எஸ்.ஐ. கையேட்டில் கிலோபாஸ்கலோ, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றோ இருக்கலாம். 200 கிலோபாஸ்கல் 29 பி.எஸ்.ஐ.; சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ. கையேடு சொல்வது டயர் ஆறியிருக்கும்போது உள்ள அளவு. அதிலும் தனியாகப் போனால் ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் ஒன்று.

எண்ணோடு ஒட்டிய நிபந்தனைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது பரவலான பழக்கம். டேப்பெட் இடைவெளியை எடுத்துக்கொண்டால், சிறு இன்ஜின்கள் பலவற்றில் அது 0.05-க்கும் 0.15 மி.மீ.க்கும் இடையில், தலைமுடி தடிமன்தான். இன்ஜின் 35 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும் என்று ஹோண்டா மேனுவல்கள் சொல்கின்றன. கத்திரி வெயிலில் சென்னையில் மதியம் காற்றே 35-ஐத் தாண்டி நிற்கும். அந்த மாதங்களில் விடிகாலையில் செய்யும் வேலை அது. பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்பதற்கு மேக்னட் சக்கரத்தில் உள்ள ‘டி’ அடையாளம் கூட்டில் உள்ள கோட்டோடு நேராக வர வேண்டும். நேராக வந்தாலும் போதாது. அது அமுக்க வீச்சாக இருக்க வேண்டும். இரண்டு ராக்கர்களும் விரலுக்கு லேசாக ஆடினால் சரி. ஆடாமல் இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

ஆயில் அளவிலும் இதே கதை. மேனுவலில் இரண்டு மூன்று எண் இருக்கும்: வெறுமனே வடித்து ஊற்றினால் இவ்வளவு, ஃபில்டரும் மாற்றினால் இவ்வளவு, இன்ஜினைப் பிரித்து மாட்டினால் இவ்வளவு. வடித்தபின்னும் மூலை முடுக்குகளில் கொஞ்சம் ஆயில் தங்குவதால் இந்த வித்தியாசம். விளம்பரத் தாளில் கடைசி எண் மட்டும் இருக்கலாம். அதைப் பார்த்து ஊற்றினால் ஆயில் மிஞ்சி, பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும்.

மரையில் ஆயில் தடவு என்று அட்டவணை சொன்னால் தடவ வேண்டும். சொல்லாவிட்டால் உலர்ந்த மரைக்குத்தான் அந்த அளவு. ஆயில் பட்ட மரையில் உராய்வு குறைவதால் அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும்.

டப்பாவில் எழுதிய எண்கள்

சில அளவுகள் குறியீட்டுக்குள் ஒளிந்திருக்கும். என்.ஜி.கே. பிளக்கில் சி.பி.ஆர்.8.ஈ.ஏ-9 என்றிருந்தால் கடைசி 9 என்பது முனை இடைவெளி 0.9 மி.மீ. என்பதைச் சொல்கிறது. நடுவில் உள்ள 8 வெப்ப எண், என்.ஜி.கே.யில் எண் ஏறினால் பிளக் குளிர்ந்தது. போஷ் பிளக்கில் இது தலைகீழ். கடைக்காரர் ‘அதுக்குப் பதில் இது’ என்று வேறு கம்பெனி பிளக்கைக் கொடுக்கும்போது எண்ணைப் பார்த்து ஒப்பிடுவதில் பயனில்லை. மாற்று அட்டவணை வேண்டும்.

ஆயிலில் 10டபிள்யூ-30 என்பது பாகுநிலை மட்டும். அதைவிட முக்கியம் ஜாசோ முத்திரை. கிளட்ச் ஆயிலில் நனைந்தபடி ஓடும் வண்டிகளுக்கென்று ஜப்பானியர் 1998-இல் கொண்டுவந்த தரம் அது. கியர் வண்டிக்கு எம்.ஏ. அல்லது எம்.ஏ.2. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கான எம்.பி. ஆயிலையோ, உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலையோ ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்புண்டு. பிரேக் ஆயிலில் டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே குடும்பம். 5 மட்டும் சிலிகோன்; மற்றவற்றோடு சேரவே கூடாது. இப்படி எண் வைத்தவர்களைப் பாராட்ட முடியாது.

வேலைக்கு ஒரு பக்கம்

சேர்த்த அளவுகளை எப்படி அடுக்குவது என்பதில் கம்பெனி மேனுவலைப் பின்பற்ற வேண்டியதில்லை. மேனுவல் பாகம் பாகமாக அடுக்குகிறது: இன்ஜின், பிரேக், மின்சாரம். வீட்டில் வேலை நடப்பதோ காரியம் காரியமாக. ஆயில் மாற்றும் நாளில் ஆயில் அளவு ஒரு பக்கத்திலும், டிரெயின் போல்ட் முறுக்கு இன்னொரு பக்கத்திலும், ஃபில்டர் நம்பர் வேறு புத்தகத்திலும் இருந்தால் கரிக் கையோடு பக்கம் புரட்ட வேண்டும்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் வேலைக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது நல்லது. ‘ஆயில் மாற்றுதல்’ என்று தலைப்பு. கீழே ஆயில் கிரேடும் ஜாசோ முத்திரையும். வடித்தால் எத்தனை மில்லி. டிரெயின் போல்ட்டுக்கு எந்த நம்பர் ஸ்பேனர், எவ்வளவு முறுக்கு, அதன் வாஷர் எந்த அளவு. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு சிறு குறிப்பு: ‘ச.மே. பக். 12’, ‘மூடி ஸ்டிக்கர்’, ‘மெக்கானிக் சொன்னது’. கம்பெனி புத்தகத்தில் பார்த்து உறுதி செய்ததைப் பேனாவால் எழுதி, மற்றதைப் பென்சிலால் எழுதினால், போல்ட்டை முறுக்கும் நேரத்தில் எதை எவ்வளவு நம்பலாம் என்று கண் பார்த்தவுடன் தெரியும். அலகை மாற்றி எழுதும்போது மூலத்தில் இருந்த எண்ணையும் பக்கத்தில் விட்டுவைக்க வேண்டும். மாற்றியதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. நோட்டின் முதல் பக்கம் வண்டிக்கு: மாடல், தயாரிப்பு மாதம், சேசிஸ் எண், இன்ஜின் எண்.

போனிலோ கணினியிலோ விரிதாளாக வைப்பவர்களும் உண்டு. தேடுவதற்கு அது வசதி. ஆனால் கிரீஸ் கையால் திரையைத் தொட முடியாது. வேலை நடக்கும் இடத்தில் காகிதம்தான் ஜெயிக்கிறது. அடிக்கடி வேண்டிய ஒன்றிரண்டு பக்கங்களை லேமினேட் செய்து கருவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் துடைத்துக்கொள்ளலாம்.

சில அளவுகளைக் காகிதத்தில் எழுதுவதே வீண். பக்க மூடியின் போல்ட்கள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். பழைய மெக்கானிக்குகள் ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஓட்டை போட்டு, கழற்றிய போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வைப்பார்கள். மாட்டும்போது அட்டையிலிருந்து நேராக இன்ஜினுக்கு. நீளம் கூடிய போல்ட்டைக் குட்டை ஓட்டையில் விட்டு முறுக்கி கூட்டை விரிசல் விட வைத்தவர்களுக்கு அந்த அட்டையின் அருமை தெரியும்.

நோட்டின் பின் பாதி, அளந்தவற்றுக்கு. தேதி, ஓடிய கிலோமீட்டர், பார்த்த அளவு: பிரேக் பேடு தடிமன், டேப்பெட் திறக்கும்போது இருந்த இடைவெளி, பேட்டரி வோல்ட். கம்பெனி சொன்ன அளவு முன்பக்கத்தில், வண்டி காட்டிய அளவு பின்பக்கத்தில். 428 செயின் என்றால் அதன் கண்ணிகளுக்கு இடையே 12.7 மி.மீ.; புதிதாக 20 கண்ணி நீளம் 254 மி.மீ. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டே வந்தால், மேனுவல் சொல்லும் எல்லையை அது எப்போது எட்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். செயின் ஸ்பிராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்க அவகாசம் கிடைக்கும்.

எங்கு தேடியும் அளவு கிடைக்காத போல்ட் ஒன்று கட்டாயம் வரும். அதற்குத்தான் முதலில் சொன்ன பொதுவான அட்டவணை. மரையின் குறுக்களவை அளந்து அந்த வரிசையின் எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராடு, பிரேக் காலிப்பர், சக்கர அச்சு ஆகியவற்றுக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழி கூடாது. அங்கே சரியான எண் கிடைக்காவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட வேண்டும்.

வண்டியை விற்கும் நாள் வந்தால் ஆர்.சி.யோடும் இன்னொரு சாவியோடும் அந்த நோட்டையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வண்டிக்கு அதிலிருந்து எடுத்துச் செல்ல ஒரு எண்கூட இருக்காது.